கார்டு இருந்தும் 62,000 கட்டினோம். அரசு கட்டுகிற பிரீமியம் யாருக்குப் போகிறது?

தறிவீடு, குடியாத்தம்:

போன மாதம் 9ஆம் தேதி, விடியற்காலை மூன்றரை மணி. அப்பா தறிக்குழிக்குப் பக்கத்திலேயே படுப்பவர். "நெஞ்சை இறுக்கிப் பிடிக்குது பாப்பா" என்று என்னை எழுப்பினார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துப் பார்த்து மாரடைப்பு என்றார்கள். மாத்திரை கொடுத்து, உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. பதற்றத்தில் பெரியப்பா மகன் சொன்ன ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிற மருத்துவமனைதான், வாசலிலேயே பலகை இருக்கிறது.

கார்டை நீட்டினேன். "கார்டு செல்லும்மா. ஆனா அப்ரூவல் வர நேரமாகும், முதல்ல 20,000 டெபாசிட் கட்டுங்க" என்றார்கள். மாமா போனில் அனுப்பினார், கட்டினோம். ஒரு மணி நேரம் கழித்து வேறொருவர் வந்து, அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் பற்றிப் பேசினார். "கார்டுக்கு சாதா ஸ்டென்ட்தான் வரும். ஃபாரின் ஸ்டென்ட் போட்டா இருபது வருஷத்துக்குக் கவலை இல்ல" என்றார். வெள்ளைத் துண்டுச் சீட்டில் 42,000 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கையில் கொடுத்தார். அப்பா உள்ளே கிடக்கும்போது யாரால் பேரம் பேச முடியும்? அம்மா கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அப்பா பிழைத்துவிட்டார். அது போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் மனசு ஆறவில்லை. 2022இல் காப்பீட்டு கம்பெனியோடு புதுப்பித்த ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு அரசு கட்டுகிற பிரீமியம் 849 ரூபாய். அதற்கு முன் 699. மொத்தம் 1.37 கோடி குடும்பம். பெருக்கினால் ஆண்டுக்கு 1,160 கோடிக்கு மேல் வருகிறது. அத்தனையும் நம் வரிப்பணம். அதைக் கட்டின பிறகும் ஒரு நெசவாளி வீட்டில் கம்மல் அடகுக்குப் போகிறதென்றால், அந்தப் பணம் எங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வந்தது?

இப்போது மாத்திரைக்கு மாதம் 1,900. மூன்று மாதம் தறியில் உட்காரக் கூடாது என்கிறார்கள். பாவு பாதியில் நிற்கிறது. இதற்கெல்லாம் கார்டில் இடம் இல்லை. கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துக்கடை ஓய்வு, காட்பாடி:

அம்மா, முதலில் ஒரு விஷயம். ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரை ஒருநாள்கூட நிற்கக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் இலவசமாகக் கிடைக்கும். அந்த 1,900இல் பெரும்பகுதி மிச்சம்.

அடுத்து ஸ்டென்ட். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு உச்சவிலை வைத்துவிட்டது. மருந்து பூசிய வகைக்கு அன்று 29,600 ரூபாய், வெறும் உலோக வகைக்கு 7,260. பிறகு விலை கொஞ்சம் கொஞ்சமாக மாறி வருகிறது, ஆனால் உள்நாடு, வெளிநாடு என்ற பேதம் அந்த விலையில் கிடையாது. ஸ்டென்ட்டின் பெயர், தயாரித்த நிறுவனம், பேட்ச் எண், விலை எல்லாவற்றையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அதே உத்தரவு. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது எந்த விதியிலும் இல்லை.

பழைய வடஆற்காடு மாவட்டம் முழுக்க அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்தவன் நான். ஸ்டோர் ரூமில் வெறும் அலமாரியைத் திறந்துகாட்டி நோயாளியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 1995இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி அனுப்பத் தொடங்கிய பிறகுதான் அந்த அலமாரி நிறைந்தது. அதற்குக் காப்பீட்டு கம்பெனி தேவைப்படவில்லை. அரசே வாங்கியது, அரசே கொடுத்தது. 2009இல் கலைஞர் காப்பீடு, 2012இல் இப்போதுள்ள திட்டம், 2018இல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்த்து 5 லட்சம் என்று அறிவிப்பில் தொகை ஏறிக்கொண்டே போனது. ஆனால் ஓ.பி. சீட்டோடு வருகிறவனுக்கு, சுகருக்கும் பிரஷருக்கும் வருகிறவனுக்கு, அந்த 5 லட்சத்தில் ஒரு ரூபாய் கிடையாது. குடும்பத்தைக் கரைப்பது அந்தச் செலவுதான். அந்த 1,160 கோடியில் பாதியை அரசு மருத்துவமனையில் டாக்டருக்கும் நர்சுக்கும் டெக்னீஷியனுக்கும் போட்டிருந்தால் உங்கள் அப்பாவை வேறு எங்கும் கொண்டுபோக வேண்டியிருக்காது. இது என் ஆதங்கம்.

பேரணாம்பட்டு அக்கா:

நீங்க சொல்றது நெஜந்தான். ஆனா திட்டமே வேணாம்னு மட்டும் சொல்லாதீங்கண்ணா. எங்க அண்ணன் புள்ளைக்குப் பொறந்ததுல இருந்து காது கேக்கல. ஆறு வயசுக்குள்ள காதுல மிஷின் வெக்கணும்னாங்க. வெளிய கேட்டா பல லட்சம். கார்டுலதான் அரசு ஆஸ்பத்திரில வெச்சாங்க, ஒரு பைசா வாங்கல. முதமுறை "அத்த"ன்னு கூப்பிட்டப்போ மடில இருந்த மொறத்த அப்படியே கீழ வெச்சிட்டு அழுதேன்.

ஆனா அப்புறம் பேச்சுப் பயிற்சிக்கு அலைஞ்சோம் பாருங்க, அதுக்கு யாரும் காசு தரல. ஆயிரம் பீடி சுத்தினாதான் அன்னிக்குக் கூலி. போய்ட்டு வர்ற நாள்ல கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. பாதில நிறுத்திட்ட வீடுங்க எத்தினி கீதுன்னு எனக்குத் தெரியும்.

ஆற்காடு வாசகர்:

எங்களுக்குக் கார்டே இல்லை. வருமான வரம்பு 1,20,000. எங்கள் சான்றிதழில் 1,32,000. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் கூட இருந்ததால் அம்மாவின் ஆபரேஷன் முழுதும் கடனில்.

முன்பு இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தேன்:

நான் வேறொரு மருத்துவமனையில் இரண்டு வருடம் இதே வேலை பார்த்தவன். எப்படி நடக்கிறதென்று சொல்கிறேன். ஒவ்வொரு சிகிச்சைக்கும் திட்டத்தில் ஒரு பேக்கேஜ் தொகை உண்டு. படுக்கை, மருந்து, ஸ்டென்ட், சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். தொகை பத்தாது, அதுவும் லேட்டாகத்தான் வரும் என்று நிர்வாகம் சொல்லும். அந்த வித்தியாசத்தை நோயாளியிடம் "எக்ஸ்ட்ரா" என்று வாங்கச் சொல்வார்கள். பேக்கேஜ் பத்தாவிட்டால் அரசிடம் பேச வேண்டும், கட்டிலில் கிடப்பவரிடம் கேட்கக் கூடாது. அந்த வேலையை விட்டதற்கு இதுதான் காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது: டெபாசிட் ரசீது, டிஸ்சார்ஜ் சீட்டு, கார்டு நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். உங்கள் கார்டு எண்ணில் அந்த மருத்துவமனை எவ்வளவு கிளெய்ம் எடுத்தது, எந்த ஸ்டென்ட்டுக்கு எடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். ஒரே சிகிச்சைக்கு உங்களிடமும் திட்டத்திடமும் வாங்கியிருந்தால் அது தெரிந்துவிடும். டிஸ்சார்ஜ் ஃபைலில் ஸ்டென்ட் டப்பாவின் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

தறிவீடு, குடியாத்தம்:

எல்லோருக்கும் நன்றி. மாத்திரை அரசு மருத்துவமனையில் கிடைத்தது, ஒன்றைத் தவிர.

நேற்று ராத்திரி ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர். எழுத்து பொடியாக இருந்ததால் தம்பி போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினான். "மேட் இன் இந்தியா" என்று இருந்தது. அப்பா பக்கத்தில்தான் இருந்தார், அவரிடம் நான் சொல்லவில்லை.

இன்று சத்துவாச்சாரி போய் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஸ்டிக்கர் பக்கத்தையும் 42,000 எழுதின துண்டுச் சீட்டையும் நகல் எடுத்துச் சேர்த்திருக்கிறேன். மனு எண் கொடுத்திருக்கிறார்கள். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.