மறு: டெண்டல் கிரௌடிங், 'பல் நெரிசல்' சரியா வருமா?

வணக்கம் ஐயா, அக்கா, எல்லாருக்கும்,

பள்ளிக்கூட பல் கையேட்டுக்கு 'டெண்டல் கிரௌடிங்'கை (பல்லு இடமில்லாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கோணலா நிக்கிறது) தமிழ்ல என்னன்னு போடுறதுன்னு மூணு நாளா இழுக்குது. தைப்பிங் அக்கா சொன்ன 'பல் நெரிசல்' காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா பழி பூரா பல்லு மேல விழுதே. போன மாசம் என் மகளுக்கு (13 வயசு) கம்பி போடலாம்னு கூட்டிட்டுப் போனேன், எக்ஸ்ரே பாத்துட்டு நாலு பல்லைப் புடுங்கினாத்தான் இடம் கிடைக்கும்னுட்டாங்க. சொத்தை கித்தை ஒண்ணுமில்லாத பல்லு. தாடையில இடம் இல்ல, அவ்வளவுதான்.

நாங்க சின்னப்புள்ளையில மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) ரெண்டு ரூம்ல ஒம்பது பேரு படுத்தோம், ஒருத்தர் கால் மேல ஒருத்தர் கால். ஆளுங்க கோணல்னு யாரும் சொல்லல, வீடு பத்தலன்னுதான் சொன்னாங்க.

பல்லோட சைஸ் ஈறுக்குள்ள உருவாகுறப்பவே முடிவாயிடும், முளைச்ச பிறகு பெருசாகாது. தாடை எலும்பு அப்படியில்ல, சின்ன வயசுல மெல்லுற அழுத்தம் கிடைச்சாத்தான் ஒழுங்கா வளரும். ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர் டேனியல் லீபர்மேன் குழு 2004-ல ஹைராக்ஸ்னு முயல் சைஸ் மிருகத்துல சிலதுக்கு வேகவச்ச மெத்துத் தீனி, சிலதுக்கு பச்சையும் காய்ஞ்சதுமா குடுத்துப் பாத்தாங்க, மெத்துத் தீனி தின்னதுங்களுக்கு கடைவாய்ப் பக்க முகவளர்ச்சி சுமார் 10 சதவீதம் கம்மி. அதுக்கு முன்னாடியே 1980-கள்ல ராபர்ட் கொருசினின்னு ஒரு மானிடவியலாளர் சண்டிகர் பக்கத்துல கிராமத்துப் பசங்களையும் டவுன் பசங்களையும் ஒப்பிட்டாரு, டவுன்லதான் பல்வரிசைக் கோளாறு ஜாஸ்தி. பரம்பரை இல்லேங்கல, ஆனா ஒரே பஞ்சாபி சனத்துக்குள்ள ஊருக்கு ஊரு மாறினா பரம்பரை மட்டும்னு எப்படி சொல்றது?

என் பாட்டி கருவாடு, வறுத்த கடலை, கரும்புன்னு எல்லாத்தையும் பல்லாலயே பாத்துக்குவாங்க (வெத்தல பாக்குக்கு நான் வக்காலத்து வாங்கல, பாக்கு வாய்ப்புற்று கொண்டுவரும்). என் மக காலையில பசியாற ரொட்டி சானாயை குழம்புல ஊறவச்சு, ரீசஸ்ல மேகி, சாயந்தரம் பன்னை டின்பால் தேத்தண்ணியில முக்கி. பல்லுக்கு வேலையே கிடையாது. அந்த மாவு இடுக்குல ஒட்டிக்கிட்டு, கிருமி அதைத் தின்னு அமிலம் விட்டு, பி.எச். (அமிலம் கூடக்கூட இறங்குற அளவு) 5.5-க்கு கீழ இறங்கினா பல்லோட மேல் ஓடான எனாமல் கரைய ஆரம்பிச்சிடும், பல்லு நெருங்கி நிக்கிற எடத்துல பிரஷ்ஷும் சரியா போகாது, அப்புறம் ஈறு வீங்காம என்ன செய்யும்.

அதனால என் சொல்லு 'தாடைக்குறுக்கம்'. ஐகாரக்குறுக்கம் படிச்சோம்ல, ரெண்டு மாத்திரை ஒலிக்கவேண்டிய ஐ, சொல்லு நடுவுலயும் கடைசியிலயும் வந்தா ஒரு மாத்திரையாயிடும். ஐ என்னமோ அதே ஐதான், வந்து சேர்ந்த எடத்துல அளவு குறையுது. நம்ம புள்ளைங்க தாடையும் அதே கதைதான்.

---

தங்கச்சி, வணக்கம். இலக்கணத்தை வாய்க்குள்ள கொண்டுபோயிட்டியே, 30 வருசம் பாடம் நடத்தின எனக்கே தோணல. ஆனா ஒரு இடிப்பு. சில புள்ளைங்களுக்கு பொறவியிலயே கீழ்த்தாடை சின்னதா இருக்கும், அது தனி நோய், டாக்டருங்க 'தாடைக்குறுக்கம்'னதும் அதைத்தான் நினைப்பாங்க. அதோட கையேட்டுல நாம பேர் வைக்கிறது கண்ணாடியில தெரியுறதுக்கு, அதுக்கு நெரிசலே போதும். நெரிசல்ல மாட்டுனவன் மேல யாரும் பழி போடமாட்டாங்கம்மா, நீ பஸ்ல போனதில்லையா? 'வளர்ச்சித் தாடைக்குறுக்கம்'னு காரணத்துக்கு வச்சுக்க, ரெண்டும் இருக்கட்டும்.

'மால்ஒக்லூஷன்' வேற, குழப்பிக்காத. 1899-ல எட்வர்ட் ஆங்கிள்னு அமெரிக்கப் பல் டாக்டர் மூணு வகையா பிரிச்சது மேல்பல்லும் கீழ்பல்லும் ஒழுங்கா சேராத சங்கதி. அதுக்கு யாரோ 'தவறான கடி'ன்னு போட்டிருக்காங்க, படிச்சா நாய் ஆளு மாறிக் கடிச்சிடுச்சோன்னு இருக்கு. 'கடிப்பிசகு'ன்னு மாத்துங்க.

---

ஐயா, நெரிசலுக்கு ஒத்துக்கிறேன், பஸ் உதாரணம் என்னை மடக்கிடுச்சு. பக்கம் 12-ல 'பல் நெரிசல்', கீழ காரணமா 'வளர்ச்சித் தாடைக்குறுக்கம்', பக்கம் 14-ல 'கடிப்பிசகு'. ஒண்ணே ஒண்ணு, 'ஞானப்பல்'லை எடுத்துடலாமா? மலாய்ல 'கீகி போங்சு'ன்றாங்க, கடைசியா பொறந்த பல்லு. 'கடைக்குட்டிப் பல்'னு போட்டா புள்ளைங்களுக்கு உடனே புரியும், 17 வயசுக்கு மேல மெதுவா வந்து பாத்தா படுக்க எடமே இருக்காது. எங்க லயத்துல கடைக்குட்டி நான்தான், வாசப்படி ஓரமாத்தான் படுப்பேன்.