லுக்அஹெட் கொண்டு ‘ஔ’காரப் பிழையைக் கண்டறிவது எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். ‘மௌனம்’ என்பதற்கு ‘மெளனம்’ என்று ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சு செய்யப்பட்ட பழைய சிறுகதைக் கோப்புகளைப் பைத்தான் நிரல்மொழியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வரிசைகளைத் தேடும் கோவை) கொண்டு திருத்தி வருகிறேன். (கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதுதான் கொடுமை.)

இதற்கு எழுதிய கோவை:

ெள(?![ா-்])

அடைப்புக்குள் இருக்கும் எதிர்மறை லுக்அஹெட் (அடுத்து வரும் எழுத்தைச் சோதிக்கும் பகுதி), ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் பொருத்தத்தை மறுத்துவிடுவதால், ‘வெளி’, ‘தெளிவு’, ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’ ஆகியவை தப்பிவிடுகின்றன. ‘வெளவால்’, ‘கெளரவம்’ போன்ற பிழைகள் சரியாகச் சிக்குகின்றன.

சிக்கல் பேச்சுவழக்கு உரையாடல்களில்தான் எழுகிறது. ‘கெளம்பு’, ‘வெளக்கு’ என்று ஆசிரியர் வேண்டுமென்றே எழுதியவையும் சேர்ந்து பிடிபடுகின்றன. முதலில் ‘வெளக்கு’ என்பதை விலக்க லுக்அஹெட்டுக்குள் ‘க்’ என்பதையும் சேர்த்துப் பார்த்தேன். உடனே, திருத்தப்பட வேண்டிய ‘செளக்கியம்’ நழுவிவிட்டது. ‘க்கு’ என்று நீட்டினால் அது மீண்டும் சிக்குகிறது என்றாலும், இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் பட்டியலை நீட்டுவது முறையாகத் தோன்றவில்லை.

முன்னால் வரும் மெய்யை லுக்பிஹைண்டால் சோதித்து, அதற்கேற்ப லுக்அஹெட்டை மாற்றும் வகையில் ஒரே கோவையாக எழுத முடியுமா? அல்லது விதிவிலக்குச் சொற்களைத் தனிக் கோப்பில் வைப்பதே நல்லதா? இத்தகைய திருத்தத்தைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் கோவையுடன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.