ஜீரோ கேட் வரிசையில் படித்த வெண்பா

நான் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறேன், வீடு தண்டையார்பேட்டை. எண்ணூர் விரைவுச் சாலையில் சென்னைத் துறைமுகத்து வாசலான ஜீரோ கேட்டுக்காக வண்டிகள் வரிசை கட்டி நிற்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சில ராத்திரி ஐந்தாறு மணி நேரம் அதிலேயே போய்விடும், தூங்கவும் முடியாது, முன்வண்டி பத்தடி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். அந்த நேரத்தில்தான் கவிதை படித்தேன். பெரியவர்களுக்கான ஆன்லைன் வகுப்பு, ஞாயிறு சாயந்திரம் நேரலை, வர முடியாதவர்கள் பதிவைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம், வீட்டுப்பாடத்தை வாய்ஸ் நோட்டாக அனுப்பினாலும் சரி. நேரலையில் நான் இருந்தது மொத்தம் மூன்று முறைதான்.

புதுக்கவிதை சொல்லித் தருவார்கள் என்று நினைத்துச் சேர்ந்தால், ஆசிரியை யாப்பில், அதாவது மரபுக்கவிதையின் இலக்கணத்தில், ஆரம்பித்தார். நேர், நிரை என்ற இரண்டு வகை அசையும் எனக்குக் காதில் ஏறவே இல்லை. அப்புறம் ஸ்டியரிங்கில் விரலால் தட்ட ஆரம்பித்தேன், நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு இரண்டு தட்டு. அசைகள் சேர்ந்த சீர்களான தேமா (நேர் நேர்), புளிமா (நிரை நேர்) எல்லாம் அப்படித்தான் பிடிபட்டது. ஒரு மாதம் கழித்து குறள் வெண்பா ஒன்று எழுதி அனுப்பினேன்:

வரிசையில் நிற்கின்ற வண்டிக்குள் நேற்றும்
கரிய வானே துணை

எதுகை (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது) சரியாக வந்திருக்கிறது, தளை (சீரும் சீரும் சேரும் விதம்) தட்டுகிறது என்று ஆசிரியையிடமிருந்து பதில் வந்தது. தேமா, புளிமா மாதிரி மாவில் முடியும் சீருக்கு அடுத்து நிரை வர வேண்டும், ‘கரிய’ புளிமா, ‘வானே’ நேரில் தொடங்குகிறது. மாற்று வார்த்தை அவர் சொல்லவில்லை, ராத்திரி அங்கே வேறு என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டார். அடுத்த தடவை வரிசையில் நின்றபோது இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். பாறைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கடல். இத்தனை வருஷம் அதன் ஓரமாகவே நின்றிருக்கிறேன். ‘கரிய கடலே துணை’ என்று மாற்றினேன், தளையும் சரியானது, கடைசிச் சீர் ‘துணை’, வெண்பா முடியக்கூடிய வாய்பாடுகளில் ஒன்றான மலரில் (தனி நிரை) முடிந்தது. அந்த ராத்திரி கேட் சீக்கிரம் திறந்துவிடக் கூடாதே என்று இருந்தது எனக்கு.

——

ட்ரெய்லர் ஓட்டும் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவைக் கடையில் வேலை செய்கிறேன். நானும் இப்படி ஒரு வகுப்பில்தான் படிக்கிறேன், ஆனால் ஆடி தொடங்கி தீபாவளி வரைக்கும் ஒரு பதிவுகூடக் கேட்க முடியவில்லை, ராத்திரி வீட்டுக்குப் போனால் கால் வீங்கியிருக்கும். பதிவு இருக்கிறதே என்று தள்ளிப்போட்டால் அப்படியே சேர்ந்துவிடும், புதிதாகச் சேருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, அடுத்த குழுவோடு தொடரச் சொன்னார்கள். அழகான, இனிய மாதிரி அடைமொழி ஒன்றுகூட இல்லாமல் ஒரு பொருளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கடை மூடும் நேரத்தில், வாங்காமல் பிரித்துப் போட்டுவிட்டுப் போன புடவைகளைப் பழைய மடிப்பிலேயே விரல் வைத்து மடிப்போம் இல்லையா, அதை எழுதினேன். பதினோரு வரி. என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அவர்களும் இதே தெருவில் வேலை பார்த்தவர்கள், இன்னொரு தடவை படி என்றார்கள்.