புது சிம் போட்டாச்சு, நெட் வரல: இங்கிலாந்து வந்த முதல் மாசத்துக்கு

கோவென்ட்ரியிலிருந்து, வந்து 6 நாள்:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கரூர் பக்கம், எம்எஸ்சி படிக்க வந்திருக்கேன். ஏர்போர்ட்ல சும்மா ஒரு சிம் கொடுத்தாங்க, போட்டேன். டவர் நாலு கோடு காட்டுது, நெட் மட்டும் வரவே இல்ல. அம்மாகிட்ட வாட்ஸ்அப்ல பேசணும்னா யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு ஓட வேண்டியிருக்கு. சாதாரண கால் போட்டாலும் பாதியில கட் ஆகுது. ஊர் சிம்மைக் கழட்டி பர்ஸ்ல வச்சுட்டேன், இப்ப பேங்க் ஓடிபி எதுவும் வரல. கடையில கேட்டா "24 மாசம் காண்ட்ராக்ட் போடு, புது போனே தர்றோம்"ங்கறாங்க. போட்டுடலாமா? முன்னாடி வந்தவங்க யாராவது சொல்லுங்க.

லெஸ்டரிலிருந்து, 9 வருஷமா இங்கதான்:

தம்பி, முதல்ல அந்தக் காண்ட்ராக்டைப் போட்டுடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

போன்ல கோளாறுன்னு நினைச்சுத்தான் புது போனுக்கு ஆசைப்படுறீங்க. எனக்கென்னவோ போன் நல்லாத்தான் இருக்குன்னு தோணுது. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல அந்த இனாம் சிம். அது வெறும் கூடு. உள்ள பிளான் எதுவும் இருக்காது. அந்தக் கம்பெனி ஆப்லயோ, பெட்டிக்கடையில டாப்-அப் வாங்கியோ ஒரு 30 நாள் பிளானைப் போட்டீங்களா? போட்டும் நெட் வரலன்னா பெரும்பாலும் ஏபிஎன்தான், அதாவது போனை கம்பெனியோட நெட்ல சேர்க்கிற செட்டிங்ஸ். சிம் போட்டதும் அந்த செட்டிங்ஸ் தானா ஏறணும். ஊர்ல வாங்கின போன்ல சில சமயம் ஏறாது. செட்டிங்ஸ்ல மொபைல் நெட்வொர்க் உள்ள போய் 'ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ்' தேடுங்க. என்ன அடிக்கணும்னு சிம் கம்பெனி வெப்சைட்ல இருக்கும். அதை அப்படியே, சின்ன எழுத்துலயே அடிங்க.

இங்கதான் எல்லாரும் வழுக்குறது. கீபோர்டு முதல் எழுத்தைத் தானா பெரிசாக்கிடும். மேல காட்டுற வார்த்தையைத் தொட்டா கடைசியில ஒரு ஸ்பேஸ் சேர்த்துடும். கண்ணுக்கே தெரியாத அந்த ஒரு ஸ்பேஸால என் சித்தி பையன் ரெண்டு நாள் நெட் இல்லாம உட்கார்ந்திருந்தான். அடிச்சு முடிச்சதும் பின்னாடி போற அம்புக்குறியை அழுத்தாதீங்க. மேல மூணு புள்ளி இருக்கும், அதுக்குள்ள 'சேவ்'. அப்புறம் அந்தப் பேருக்குப் பக்கத்துல இருக்கிற வட்டத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கணும். ஏரோப்ளேன் மோடைப் போட்டு பத்து செகண்ட் கழிச்சு எடுங்க. முடிஞ்சுது.

அடுத்து கால் கட் ஆகுறது. இதை நானே அனுபவிச்சவ. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின போன், வருஷக்கணக்கா ஒழுங்கா ஓடிட்டிருந்தது. 2024-ல திடீர்னு, கால் வந்தா மேல இருந்த 4ஜி காணாமப் போக ஆரம்பிச்சது. கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பாகும்னு சொல்வாங்க, எனக்கு 4ஜி தேய்ஞ்சு 'ஈ'யே (2ஜின்னா திரையில வர்ற இங்கிலீஷ் எழுத்து) ஆயிடுச்சு. பேசிட்டிருக்கிற வரைக்கும் நெட் செத்துடும், சமையல்கட்டுக்கு நகர்ந்தா குரலும் செத்துடும். போனை மாத்தச் சொன்னாங்க, சிம்மை மாத்தச் சொன்னாங்க. விஷயம் என்னன்னா, இங்க எல்லா நெட்வொர்க்கும் 3ஜியை மூடிட்டே வந்தாங்க, வோடஃபோனும் ஈஈயும் அந்த வருஷமே மூடியாச்சு. 4ஜிலயே பேசணும்னா வோல்டி வேணும். நம்ம ஊருக்குன்னு செஞ்ச சில போன்கள்ல இங்கத்த நெட்வொர்க்குக்கு வோல்டி திறக்காது. அப்போ கால் நேரா 2ஜிக்கு விழும். அதுவும் 2033-க்குள்ள மூடப் போறாங்க. த்ரீ ஆரம்பத்துல இருந்தே 2ஜி வச்சதில்ல, அதனால வோல்டி இல்லாத போன்ல த்ரீ சிம் போட்டா நெட் பறக்கும், பேச்சு மட்டும் வராது.

அதனால புது போன் வாங்குறதுக்கு முன்னாடி, சிம் செட்டிங்ஸ்ல 'வோல்டி'யும் 'வை-ஃபை காலிங்'கும் இருக்கான்னு பார்த்து ரெண்டையும் ஆன் பண்ணுங்க. போன் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணதும் சில சமயம் புதுசா வந்து நிக்கும். வராட்டி வேற நெட்வொர்க் இனாம் சிம்மைப் போட்டுப் பாருங்க. எனக்கு நெட்வொர்க் மாத்தினதும் சரியாயிடுச்சு, அதே போனைத்தான் இன்னும் வச்சிருக்கேன். இங்கத்த பழைய வீடுகள்ல சுவரு கோட்டைச் சுவரு மாதிரி, பேஸ்மென்ட் ரூம்னா டவர் எட்டியே பார்க்காது. வை-ஃபை காலிங் இல்லாம காலம் தள்ள முடியாது. விலை குறைஞ்ச சில சிம்கள்ல இந்த வசதி கிடையாது, வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

எந்த சிம்னு அடுத்து கேட்பீங்க. இங்க நெட்வொர்க் வச்சிருக்கிறது ஈஈ, ஓ2, வோடஃபோன், த்ரீ மட்டும்தான் (கடைசி ரெண்டும் 2025 மே மாசம் ஒண்ணாயிட்டாங்க). மத்ததெல்லாம் அவங்க டவரை வாடகைக்கு எடுத்து ஓட்டுற கம்பெனிங்க. கிஃப்காஃப், டெஸ்கோ ரெண்டும் ஓ2 மேல ஓடுது. லெபாரா, வாக்ஸி வோடஃபோன் மேல. ஸ்மார்ட்டி த்ரீ மேல. லைக்கா ஈஈ மேல, ஆமா, படம் எடுக்கிற அதே லைக்காதான். லெபாராவும் லைக்காவும் ஊருக்குப் பேசுற நிமிஷத்தையும் சேர்த்தே பிளான் விக்கிறாங்க. லேண்ட்லைன்லயே பேசுற பாட்டி இருந்தா அது பிரயோஜனம். பேர் எதுவானாலும் 30 நாள் பிளானா எடுங்க. அடையாள அட்டை கேட்க மாட்டாங்க, கடனை ஒழுங்கா கட்டுவீங்களான்னு பார்க்கிற கிரெடிட் செக் கிடையாது, பிடிக்கலன்னா அடுத்த மாசம் விட்டுடலாம்.

இப்ப புரியுதா ஏன் காண்ட்ராக்ட் வேண்டாம்னு? உங்க படிப்பு ஒரு வருஷம், காண்ட்ராக்ட் ரெண்டு வருஷம். ஊருக்குத் திரும்பினாலும் மிச்சக் காசைக் கட்டணும். கையெழுத்து போடும்போது சொல்ற மாசத் தொகையும் அப்படியே இருக்காது, வருஷா வருஷம் ஏறும். எவ்வளவு பவுண்டு ஏறும்னு முன்கூட்டியே எழுதித் தரணும்னு 2025 ஜனவரியில இருந்து விதி இருக்கு, அந்த வரியைத் தேடிப் படிங்க. இன்னொண்ணு, வந்து ஆறு நாள்ல உங்க பேர்ல கிரெடிட் ஹிஸ்டரியே இருக்காது, விண்ணப்பிச்சாலும் திருப்பி விடுவாங்க. அதுக்கு ஒரு வழி சொல்றேன். இந்தியர், இலங்கையர் எல்லாம் காமன்வெல்த் குடிமக்கள்ங்கிறதால விசாவுல இருக்கும்போதே இங்க ஓட்டுரிமை உண்டு. வீட்டு முகவரியில வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்த்தா கிரெடிட் பார்க்கிறவங்களுக்கு உங்க முகவரி உறுதியாகும். ஓட்டு போடுறது உங்க இஷ்டம்.

ஊர் சிம்மை பர்ஸ்ல இருந்து இன்னைக்கே எடுங்க! போன்ல ரெண்டு சிம் போடலாம்னா ரெண்டாவது இடத்துல அது. 90 நாள் எந்த உபயோகமும் இல்லாம கிடந்தா நம்பரை எடுத்து வேற யாருக்காவது கொடுத்துடலாம். உங்க பேங்க் ஓடிபி கரூர்ல யாரோ ஒருத்தருக்குப் போகும். ரோமிங் ஆன் ஆகியிருக்கணும், அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங் மட்டும் கட்டாயம் ஆஃப்ல இருக்கணும். எஸ்எம்எஸ் வர்றதுக்குப் பொதுவா காசு இல்ல, அதுல வர்ற காலை எடுத்தா காசு. வேலிடிட்டி தீராம வீட்ல இருக்கிறவங்களை அங்கேயே ரீசார்ஜ் பண்ணச் சொல்லுங்க. கணக்கை என்ஆர்ஓ-வா (வெளிநாட்ல இருக்கிறவங்களுக்கான கணக்கு) மாத்தினப்புறம் பேங்க்ல கேட்டுப் பாருங்க, யுபிஐக்கு இந்த ஊர் +44 நம்பரையே ஏத்துக்கிற பேங்குகள் இருக்கு. வாட்ஸ்அப் பழைய நம்பர்லயே ஓடட்டும். புது சிம் போட்டதும் "நம்பர் மாத்தவா"ன்னு கேட்கும், வேண்டாம்னுடுங்க.

அதே மாதிரி ஈ-விசா கணக்கு. அதுக்குள்ள போக ஒவ்வொரு தடவையும் போனுக்கோ ஈமெயிலுக்கோ ஒரு கோட் வரும். ஊர் நம்பரைக் கொடுத்துப் பதிஞ்சிருந்தா இப்பவே மாத்திடுங்க. பார்ட்-டைம் வேலைக்குப் போனாலும் வீடு வாடகைக்கு எடுத்தாலும் உங்க விசாவைச் சரிபார்க்க 'ஷேர் கோட்' கேட்பாங்க, அது அந்தக் கணக்குலதான் கிடைக்கும். இன்டர்வியூ முடிஞ்சு கோட் வராம முழிச்சவங்களைப் பார்த்திருக்கேன்.

நம்பர் விஷயத்துல நான் ஏமாந்த கதை ஒண்ணு. வந்த புதுசுல கூரியர் பார்சல் வரலன்னு நெட்ல தேடி, முதல்ல வந்த கஸ்டமர் கேர் நம்பருக்குப் போட்டேன். கொஞ்ச நேரம் பாட்டு ஓடிச்சு, கட் ஆச்சு, பத்து பவுண்டு பேலன்ஸ் காலி. அந்தக் கம்பெனியோட சொந்த நம்பரே இல்ல அது, நடுவுல ஒருத்தன் 09-ல தொடங்குற நம்பரை வச்சுக் கல்லா கட்டியிருக்கான். 0800, 0808 இலவசம். 01, 02, 03 உங்க பிளான் நிமிஷத்துல போகும். 084, 087, 09 மூணும் தனிக் காசு, அந்தப் பக்கமே போகாதீங்க.

மோசடிக் காலும் வரும். "ஹோம் ஆஃபீஸ்ல (விசா பார்க்கிற உள்துறை) இருந்து பேசறோம், விசாவுல சிக்கல், இப்பவே பணம் கட்டு"ன்னு மிரட்டுவாங்க, திரையில நிஜ நம்பரே தெரியும். ஹோம் ஆஃபீஸ் போன்ல பணம் கேட்காது, வச்சிடுங்க. குப்பை எஸ்எம்எஸ்ஸை 7726-க்கு ஃபார்வர்ட் பண்ணலாம், காசு இல்ல. பேங்க்ல இருந்துன்னு யாராவது பேசி சந்தேகம் வந்தா வச்சிட்டு 159 போடுங்க, பெரும்பாலான பேங்குகளுக்கு நேரா இணைப்பாங்க.

ஹரோவிலிருந்து:

அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் யாழ்ப்பாணம், இங்க வந்து 17 வருசம். ஒண்டை மட்டும் விட்டிட்டா: றோட்டுக் கரையில நிண்டு போனை நோண்டாதேங்கோ தம்பி.

எனக்கு நடந்தது இது. ஸ்டேசனால வெளியில வந்து மகளுக்கு மெசேஜ் அடிச்சுக்கொண்டு நிக்கிறன். பின்னால எலக்ட்ரிக் சைக்கிளில வந்தவன் அப்பிடியே பறிச்சுக்கொண்டு போயிட்டான். சத்தமும் இல்லை, முகத்தையும் காணேல்ல, கை மட்டும் மெசேஜ் அடிக்கிற மாதிரியே நிண்டது. போன் திறந்தபடி போனதுதான் பெரிய வில்லங்கம். வீட்ட வந்து பாக்கிறதுக்குள்ள ஈமெயில் பாஸ்வேர்டை மாத்திப்போட்டான்.

இப்பவே செய்யுங்கோ: *#06# எண்டு அடிச்சா 15 இலக்க ஐஎம்இஐ நம்பர் வரும், அது போனின்ர அடையாள நம்பர், அதை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. போனிலயே எழுதி வச்சிட்டுப் பிறகு தேடினவையும் இருக்கினம். ஐபோன் எண்டா 'ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்‌ஷன்', ஆண்ட்ராய்ட் எண்டா 'தெஃப்ட் டிடெக்‌ஷன் லாக்', ரெண்டும் செட்டிங்சுக்குள்ள இருக்கு. சிம்முக்கும் ஒரு பின் போடுங்கோ. இல்லாட்டி சிம்மைக் கழட்டி வேற போனில போட்டு உங்கட பாங்க் கோட் எல்லாத்தையும் அவன் வாசிப்பான். முதல் பின் என்னெண்டு கொம்பனியிட்ட கேட்டுட்டு மாத்துங்கோ, மூண்டு தரம் பிழையா அடிச்சா பூட்டுப்பட்டிடும். களவு போனா உடன நெட்வொர்க்குக்கு அடிச்சு மறிக்கச் சொல்லுங்கோ, பிறகு 101-க்கு அடிச்சு கிரைம் நம்பர் எடுங்கோ. அவசரம் எண்டா மட்டும் 999.

கோவென்ட்ரியிலிருந்து:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. நெட் வந்துடுச்சு! பிளான் போட்டுத்தான் இருந்தேன். ஏபிஎன்ல நாலு தடவை சரியாத்தான் அடிச்சிருக்கேன், நாலு தடவையும் சேவ் பண்ணாம அம்புக்குறியை அழுத்தியிருக்கேன். வை-ஃபை காலிங் ஆன் பண்ணேன், ரூம்லயே கால் நிக்குது. இனிமே வேற சிம்முக்கு மாறினா இந்த நம்பர் போயிடுமா? அப்புறம் ரெண்டு நாளா 'நோ காலர் ஐடி'ன்னு ஒரு கால் வந்துட்டே இருக்கு, மோசடின்னு கட் பண்ணிட்டு இருக்கேன். சரிதானே?

லெஸ்டரிலிருந்து:

நம்பர் போகாது. இப்ப இருக்கிற சிம்ல இருந்து 65075-க்கு 'பேக்'னு இங்கிலீஷ்ல மூணெழுத்து அனுப்புங்க, பி, ஏ, சி. ஒரு கோட் வரும், 30 நாள் செல்லும். புதுக் கம்பெனிகிட்ட கொடுத்தா அடுத்த வேலை நாள்லயே நம்பர் மாறிடும். அதுக்கு முன்னாடி பழைய சிம்மை நீங்களா கேன்சல் பண்ணிடாதீங்க, பண்ணா நம்பர் போச்சு.

அந்தக் காலைக் கட் பண்றது சரியில்ல தம்பி. நீங்க ஜிபியில, அதாவது ஏரியா டாக்டர்கிட்ட, பேர் பதிஞ்சீங்களா? சர்ஜரியும் (அந்த டாக்டரோட கிளினிக்கை இங்க இப்படித்தான் சொல்வாங்க) ஆஸ்பத்திரியும் இங்க பல சமயம் நம்பரை மறைச்சுத்தான் கூப்பிடுவாங்க. மிஸ்டு கால் பார்த்து நாம திருப்பிக் கூப்பிடணும்னு எதிர்பார்க்க மாட்டாங்க, வாய்ஸ்மெயில்ல பேசி வச்சிட்டுப் போயிடுவாங்க. டயலர்ல 1-ஐ அழுத்திப் பிடிங்க, ரெண்டு மூணு மெசேஜ் காத்திட்டிருக்கும்.

கோவென்ட்ரியிலிருந்து:

அஞ்சு இருக்கு அக்கா. அஞ்சும் சர்ஜரிதான்.