இரவில் வந்தது கீரியா, மரநாயா? கோழியை மேய விடுவது குறித்து ஒரு விவாதம்

தாம்பரம் தோட்டம்:
கோழியைத் திறந்துவிட்டு வளர்ப்பதே நல்ல முறை என்று இங்கே பலரும் எழுதி வருவதை நம்பி, புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் நானும் அவ்வாறே வளர்த்தேன். பகல் முழுவதும் மேய்ந்துவிட்டு மாலையில் கூட்டில் அடைந்த கோழிகளில் ஐந்தை ஒரே இரவில் கீரி கடித்துக் கொன்றுவிட்டது. இரண்டுக்குத் தலையே இல்லை. மற்றவை கழுத்தில் கடிபட்டு, தின்னப்படாமல் அப்படியே கிடந்தன. பகலில் கோழி மேயும் இடங்களை மோப்பம் பிடித்துத்தான் கீரி கூடு வரை வருகிறது. எனவே, கொல்லையில் கோழியைத் திறந்துவிடுவது அறிந்தே அதைச் சாகக் கொடுப்பதாகும். மேய்ச்சலைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

காங்கேயத்துக் கொடாப்பு:
கீரி இரவில் வேட்டைக்கு வராது. இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் மேய்ச்சலின் மீது பழி போடுவதைப் படிக்கும்போது, தலைமுறை தலைமுறையாகக் கோழி வளர்க்கும் வீட்டில் பிறந்த எனக்குக் கோபம் வருகிறது. நம் பக்கத்தில் காணப்படும் சாம்பல் நிறக் கீரி பகலில் நடமாடும் விலங்கு. வேலியோரப் பொந்திலிருந்து பொழுது விடிந்த பிறகு கிளம்பி, பொழுது சாய்ந்ததும் அடைந்துவிடும். இருட்டிய பிறகு கூரைமேல் வந்து கோழியின் கழுத்தைக் கவ்வுவது மரநாய். தென்னை மரமாக இருந்தாலும் ஓட்டுக்கூரையாக இருந்தாலும் அது தயக்கமில்லாமல் ஏறும். கூட்டின் கதவைச் சோதிப்பதை விட்டுவிட்டு, கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தைப் பாருங்கள். அங்கே கம்பிவலை உள்பக்கமாக வளைந்திருக்கும். அதன் முனையில் முடி ஒட்டியிருந்தாலும் வியப்பில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள், ஐயா. உங்கள் கோழிகள் மேய்ச்சலில் சாகவில்லை. நீங்களே பூட்டிய கூட்டுக்குள்தான் செத்தன.

தாம்பரம் தோட்டம்:
எங்கள் சுற்றுச்சுவரின் மேல் கீரி ஓடுவதை அன்றாடம் பார்க்கிறேன். மரநாயை இதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கண்ணால் பார்க்கும் விலங்கை விட்டுவிட்டு, பார்க்காத ஒன்றின் மீது குற்றம் சுமத்த என்னால் முடியாது. அந்த இரவில் வந்தது கீரிதான்.

காங்கேயத்துக் கொடாப்பு:
நீங்கள் விழித்திருக்கும் பகலில் கீரி நடமாடுவதால் அதைப் பார்க்கிறீர்கள். நீங்கள் உறங்கும் நேரத்தில் மரநாய் நடமாடுவதால் அதைப் பார்ப்பதில்லை. நான் சொன்னதற்கு நீங்களே சான்று தந்திருக்கிறீர்கள். வீட்டருகே பப்பாளியோ கொய்யாவோ இருந்தால், மதில் மேலும் மொட்டைமாடியிலும் பழவிதைகள் நிறைந்த எச்சம் கிடக்கிறதா என்று தேடுங்கள். அது மரநாய் விட்டுச் சென்ற கையெழுத்து. கீரி இரவில் வராது.

வைகைக்கரை:
காங்கேயத்து அண்ணன் எதைச் சொன்னாலும் கல்வெட்டுப் போலச் சொல்லிவிடுகிறார். எங்கள் தோப்பில் விளக்கு வைத்த பிறகும் கீரி முட்டையை உருட்டிக்கொண்டு போனதை நானும் என் மாமியாரும் பார்த்திருக்கிறோம். பகல் விலங்கு என்பதற்காக அது கடிகாரம் பார்த்துக்கொண்டா நடக்கும்? தவிர, எங்கள் ஊரில் குஞ்சுகளைத் தூக்குவதில் பருந்துக்கும் காகத்துக்கும் அடுத்துத்தான் மற்றவை. அதைப் பற்றி ஒருவரும் பேசாமல் கீரியைப் பிடித்துத் தொங்குவது எனக்குப் புரியவில்லை.

காங்கேயத்துக் கொடாப்பு:
விளக்கு வைக்கும் நேரம் அந்தி, அது இரவாகாது. முட்டையை உருட்டியதையும் ஐந்து கோழிகளைக் கழுத்தில் கடித்துக் கொன்றதையும் ஒன்றாக்காதீர்கள், அம்மா.

பருந்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். கரும்பருந்து ஒரு கிலோ எடைகூட இல்லாத பறவை. வளர்ந்த பெட்டைக் கோழியை அதனால் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது குறிவைப்பது குஞ்சுகளைத்தான். வல்லூறு அதைவிடச் சிறியதென்றாலும், மரக்கிளையில் மறைந்திருந்து தாழ்வாகப் பாய்ந்து குஞ்சைப் பறித்துவிடும். ஆகவே குஞ்சு பொரித்த முதல் நான்கு வாரங்களுக்குத் தாயையும் குஞ்சுகளையும் மூங்கில் கூடையான கொடாப்பில் கவிழ்த்து, மேலே கல்லை வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திறந்துவிட வேண்டும். அதன் பிறகும் வெட்டவெளியில் விடாமல், பதுங்குவதற்குப் புதரும் மரநிழலும் உள்ள இடமாகப் பார்த்து மேய்க்க வேண்டும். நல்ல சேவல் ஒன்று கூட்டத்தில் இருந்தால், வானத்தில் பருந்தைக் கண்டதும் ஒரு விதமாகவும், தரையில் நாயையோ கீரியையோ கண்டதும் வேறு விதமாகவும் குரல் கொடுக்கும். முதல் குரலுக்குக் கோழிகள் புதருக்குள் ஓடிப் பதுங்கும். இரண்டாவது குரலுக்குத் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்க்கும். கூண்டிலேயே வளர்ந்த கோழிக்கு இப்படிப் பதுங்கிப் பழக வாய்ப்பு ஏது? மேய்ச்சலே கோழிக்குப் பாதுகாப்பைக் கற்றுத் தருகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

வைகைக்கரை:
சேவல் குரல் கொடுத்தாலும் தூங்குகிற கோழிக்கு என்ன பயன்? இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். போன கோடையில் உங்களிடம் வாங்கிய அடைமுட்டைகளில் பாதிக்கு மேல் கூமுட்டையாகப் போயின. அப்போதும் நீங்கள் இதே உறுதியோடு, தவறு என் அடைக்கோழியின் மீதுதான் என்று சொன்னீர்கள். உங்கள் உறுதிக்கு என்ன மதிப்பு என்பதை நான் அன்றே தெரிந்துகொண்டேன்.

காங்கேயத்துக் கொடாப்பு:
அந்த முட்டைகளை நீங்கள் வாங்கிய அன்றே அடை வைத்திருக்க வேண்டும். கோடை வெப்பத்தில் பத்து நாளுக்கு மேல் சமையலறை அலமாரியில் வைத்திருந்துவிட்டு, 21 நாள் கழித்துக் குஞ்சு வரவில்லை என்று வருந்தினால் முட்டை கொடுத்தவன் என்ன செய்வான்? அந்த வழக்கைத் தனியாகப் பேசலாம். கீரி இரவில் வருமா என்பதற்கும் என் அடைமுட்டைக்கும் தொடர்பில்லை. வராது.

தென்காசிச் சாரல்:
இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தாம்பரத்து நண்பர் "இரவு" என்று எழுதியிருக்கிறார். ஆனால் கோழிகள் எந்த நேரத்தில் செத்தன என்று எங்கும் சொல்லவில்லை. விடிந்த பிறகு கூட்டைத் திறந்தாரா, நள்ளிரவில் சத்தம் கேட்டு எழுந்தாரா என்பது தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். எங்கள் பக்கத்தில் தெருநாய்கள் செய்யும் சேதம் இவை இரண்டும் செய்வதைவிட மிக அதிகம். நல்ல பாம்பும் கூட்டுக்குள் நுழைந்து முட்டையையும் குஞ்சையும் விழுங்குவதுண்டு. அறுகோணக் கண்ணியுள்ள மெல்லிய கோழிவலையை நாய் பல்லாலேயே கிழித்துவிடும் என்பதால், அரை அங்குலக் கண்ணியுள்ள பற்றவைத்த கம்பிவலையை அடித்து, அதை ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள்ளும் இறக்கினால் எது வந்தாலும் தடுக்கலாம்.

தாம்பரம் தோட்டம்:
நேரம் எதுவாக இருந்தால் என்ன? அன்று இரவு நான் பூட்டினேன். காலையில் திறந்தபோது அவை செத்துக்கிடந்தன. நடுவில் இருந்தது இரவு. இப்போது என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அதன் பிறகு கூட்டருகே பொருத்திய கேமராவில் நீண்ட வாலுள்ள விலங்கு ஒன்று சுவரோரமாக ஓடுவது பதிவாகியுள்ளது. படம் கறுப்பு வெள்ளையில் சற்று மங்கலாக இருந்தாலும், அது கீரிதான் என்று என் குடும்பத்தார் எல்லாரும் சொல்கிறார்கள். வீட்டைச் சுற்றி விஷம் வைக்கலாம் என்று எதிர்வீட்டுக்காரர் யோசனை கூறினார்.

தென்காசிச் சாரல்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கீரி, மரநாய் இரண்டுமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். அந்த விஷத்தை உங்கள் கோழியும் பக்கத்து வீட்டு நாயும்கூடத் தின்னும். கீரி இல்லாமல் போனால் எலியும் பாம்பும் பெருகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

காங்கேயத்துக் கொடாப்பு:
விஷத்தைப் பற்றித் தென்காசியார் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால், எந்த விலங்கு என்பது முக்கியமில்லை என்பதுபோல் அவர் எழுதியதை ஏற்க முடியாது. எது வருகிறது என்று தெரியாமல் எப்படித் தடுப்பது? கீரி தரையோடு வந்து மண்ணைப் பறித்து நுழையும். அதற்கு வலையை மண்ணுக்குள் இறக்க வேண்டும். மரநாய் மேலிருந்து வரும். அதற்குக் கூரைச் சந்தை அடைத்து, கூட்டின் மேல் சாய்ந்திருக்கும் முருங்கைக் கிளையை வெட்ட வேண்டும். தாம்பரத்தார் கீரி என்று நம்பி அடிமண்ணில் வலை பதித்துவிட்டுக் கூரையைத் திறந்தே வைத்திருந்தால், அடுத்த மாதமும் இதே போல் எழுதுவார்.

படத்தைப் பற்றிச் சொல்கிறேன். கீரிக்கும் மரநாய்க்கும் வால் நீளமானது. வாலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த விலங்கின் பாதங்கள் கறுப்பாக இருக்கின்றனவா, முகத்தில் முகமூடி போட்டதுபோல் கருமை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். படத்தின் மூலையில் நேரமும் பதிவாகியிருக்கும். அதையும் எழுதுங்கள்.

தாம்பரம் தோட்டம்:
பாதங்கள் புல்லில் மறைந்துள்ளன. கேமராவில் நேரத்தை நான் சரிசெய்து வைக்கவில்லை. அது கீரிதான்.

வைகைக்கரை:
தாம்பரத்து நண்பர் வளர்த்தது எந்த வகைக் கோழி என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஐதராபாத் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய வனராஜாவாக இருந்தால், அது உடல் பருத்து எழும்பிப் பறக்க முடியாமல் எதிரிக்கு எளிதில் அகப்பட்டுவிடும். எங்கள் சிறுவிடைக் கோழிகள் பொழுது சாய்ந்ததும் வேப்பமரத்தில் ஏறி அடைந்துவிடும். அவற்றில் ஒன்றைக்கூட எந்தக் கீரியும் தொட்டதில்லை.

காங்கேயத்துக் கொடாப்பு:
வேப்பமரத்தில் அடையும் கோழியைக் கீரி தொடவில்லை என்பதில் என்ன வியப்பு? அது இரவில் வருவதே இல்லை. மரத்தில் அடைய விடும் உங்கள் பழக்கம்தான் மரநாய்க்கு இலை போட்டுப் பரிமாறுவது போன்றது. இத்தனை நாள் தப்பித்ததை ஒரு முறையாகக் கருதி மற்றவர்களுக்குச் சொல்லித் தராதீர்கள். பொழுது சாயும் முன் எண்ணிப் பார்த்துக் கூட்டில் அடைத்து, நன்றாக விடிந்த பிறகே திறந்துவிட வேண்டும். கோழி பெரும்பாலும் உச்சிப்பொழுதுக்கு முன்பே முட்டையிடும் என்பதால், சற்றுத் தாமதமாகத் திறந்தால் முட்டையும் புதரில் போகாமல் கூட்டிலேயே கிடைக்கும்.

வைகைக்கரை:
எங்கள் மரத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியும். உங்கள் ஊரில் மட்டும்தான் கோழி வளர்க்கிறார்கள் என்ற நினைப்பை முதலில் விடுங்கள், அண்ணா. விளக்கு வைத்த பிறகு கீரி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தாம்பரம் தோட்டம்:
மிச்சமிருக்கும் கோழிகளை இனி வெளியே விடுவதாக இல்லை. மேய்ச்சல் வேண்டும் என்பவர்கள் தாராளமாக மேய்த்துக்கொள்ளட்டும். என் கோழிகளைக் கொன்றது கீரி.

காங்கேயத்துக் கொடாப்பு:
கூட்டுக்குள் செத்த கோழிகளுக்காக, மிச்சமுள்ள கோழிகளை அதே கூட்டுக்குள் நாள் முழுவதும் அடைக்கப் போகிறீர்கள். கூரைச் சந்தில் வலை வளைந்திருக்கிறதா என்று முதல் பதிவிலேயே கேட்டேன். இத்தனை பதிவுகளுக்குப் பிறகும் நீங்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை. இன்று இருட்டுவதற்குள் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கீரி இரவில் வராது.