கடலடிக் கிணற்றை மேலிருந்தே அடைத்துவிட முடியாதா?

அலைவாய்:
2010 மெக்சிகோ வளைகுடா விபத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் 20 அன்று மக்கோண்டோ என்ற எண்ணெய்க் கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள், அதன்பின் ஜூலை 15 வரை எண்ணெய் கொட்டியபடியே இருந்திருக்கிறது. கிணற்றின் வாய் ஒன்றும் அவ்வளவு பெரியதில்லையே, நேராகச் சிமென்டைக் கொட்டி மூடியிருக்கலாமே? இத்தனை நாள் ஏன் ஆனது?

துரப்பணம்:
சிமென்ட் இறுக வேண்டுமென்றால் அது அசையாமல் கிடக்க வேண்டும். கீழேயிருந்து எண்ணெயும் வாயுவும் பீறிட்டு வரும்போது எதைக் கொட்டினாலும் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே முதலில் ஓட்டத்தை நிறுத்த வேண்டும், அதைச் செய்வது எடைதான். பேரைட் என்ற கனமான தாதுப்பொடி கலந்த துளையிடும் சேற்றைக் கிணற்றுக்குள் செலுத்திக்கொண்டே போனால், அந்தச் சேற்றுத் தூணின் எடை பாறையிலிருந்து வரும் அழுத்தத்தை மிஞ்சும் இடத்தில் கிணறு அடங்கிவிடும். மே 26 அன்று 'டாப் கில்' என்று இதைத்தான் முயன்றார்கள். ஆனால் மேல்வாய் திறந்தே கிடந்ததால் செலுத்திய சேறு கீழே இறங்காமல் வெளியே கொட்டியது. அந்த வழியை அடைக்க கோல்ஃப் பந்து, டயர் துண்டு எல்லாம் அனுப்பிப் பார்த்தார்கள், பலனில்லை.

நீலத்திரை:
ஆழத்தையும் மறந்துவிடாதீர்கள். அது 1,500 மீட்டர் ஆழம், மனிதர் இறங்கவே முடியாது, எல்லா வேலையும் ரோபோக்கள்தான். மே மாதத் தொடக்கத்தில் சுமார் 100 டன் எடையுள்ள இரும்புக் கூண்டைக் கசிவின் மேல் கவிழ்த்தார்கள். அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் மீத்தேன் தண்ணீரோடு சேர்ந்து பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாக உறைந்து, எண்ணெயை மேலே கொண்டுபோக வேண்டிய துவாரத்தையே அடைத்துவிட்டது. கரையோர ஆழங்களில் உதவிய வழி அங்கே எடுபடவில்லை.

அலைவாய்:
சரி, அப்புறம் ஜூலையில் மட்டும் எப்படி முடிந்தது?

துரப்பணம்:
உடைந்த குழாயை அறுத்து எடுத்துவிட்டு, கேப்பிங் ஸ்டாக் என்ற வால்வுகள் கொண்ட கனமான மூடியைப் பொருத்தி, வால்வுகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். சட்டென்று மூடிவிடவும் பயம், ஏனென்றால் உள்ளே குழாய்ச் சுவர் எங்காவது உடைந்திருந்தால் எண்ணெய் பக்கவாட்டில் பாறைக்குள் புகுந்து கடல் தரையில் கண்ட இடத்தில் கிளம்பும், பிறகு மூடுவதற்கு வாய் என்று ஒன்றே இருக்காது. அழுத்தத்தை விடாமல் கண்காணித்து, சுவர் தாங்குகிறது என்று உறுதியான பிறகே ஆகஸ்ட் 3 அன்று மறுபடி சேற்றைச் செலுத்தினார்கள். மே மாதம் தோற்றது இந்த முறை பலித்தது, வாய் மூடியிருந்ததுதான் வித்தியாசம். என்னைக் கேட்டால் அந்த ஸ்டாக் முதல் நாளே தயாராகக் கிடந்திருக்க வேண்டும். இப்போது நார்வே, பிரேசில், தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வைத்திருக்கிறார்கள்.

ஆழ்துளை:
ரிலீஃப் வெல்லை யாரும் சொல்லவில்லையே! கிணற்றை அடியோடு முடிப்பது அதுதான். தள்ளி இன்னொரு கிணறு தோண்டி, சாய்வாகக் கொண்டுபோய், பழைய கிணற்றை ஆழத்தில் தொட வேண்டும். மக்கோண்டோவில் அந்த இலக்கு ஒரு சாண் அகலம்கூட இல்லை, கடல் மட்டத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கும் கீழே. பாறைக்குள் மின்சாரம் செலுத்தினால் பழைய கிணற்றின் எஃகுக் குழாயைச் சுற்றிக் காந்தப்புலம் எழும், அதை மோப்பம் பிடித்தபடிதான் துளையிடுவார்கள். மே மாதம் தொடங்கி, செப்டம்பர் நடுவில்தான் தொட்டார்கள். அடியில் சிமென்ட் செலுத்தி 19ஆம் தேதி கிணறு முடிந்தது என்று அறிவித்தார்கள். 2009இல் திமோர் கடலில் இப்படிக் கசிந்த மொன்டாரா கிணற்றைத் தொட ஐந்து முறை முயல வேண்டியிருந்தது.