சாவியைத் திருப்பி அணைத்ததும் சைலன்சரில் வெடிச்சத்தம்: உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி, உதவி தேவை

கேட்பவர்: பட்டுக்கோட்டை தோப்புக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்களுக்குப் பன்னிரண்டு மா (ஏறத்தாழ நான்கு ஏக்கர்) தென்னந்தோப்பு இருக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வீசிய கஜா புயலில் பெரிய மரங்கள் பெரும்பாலும் சாய்ந்துவிட்டன. பிறகு வைத்த கன்றுகள் இன்னும் முழுதாக நிழல் கட்டாததால், தரையில் வெயில் விழுந்து கோரையும் அருகும் மண்டிவிடுகின்றன. புல் அறுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டபடியால், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி இரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறோம். ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 17.5 குதிரைத்திறன்.

வண்டி ஒரே சாவியில் கிளம்புகிறது; வெட்டும்போது இழுவையும் குறையவில்லை. அணைக்கும்போதுதான் சிக்கல். சாவியைத் திருப்பி எஞ்சின் ஓசை அடங்கிக்கொண்டிருக்கும்போதே, ஓரிரு வினாடிகளில், சைலன்சருக்குள் லட்சுமி வெடி வைத்ததுபோல் வெடிக்கிறது. சென்ற வாரம் அந்தி நேரத்தில் அணைத்தபோது சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் தீ வந்து மறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். வண்டி நிற்கும் கொட்டகையை ஒட்டித்தான் காய்ந்த மட்டையும் பாளையும் அடுக்கியிருக்கிறோம். அடுத்தாற்போல் பசுவும் கன்றும் கட்டிக்கிடக்கின்றன. அதனால்தான் இதை இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

ஐப்பசி மழையில் நனைந்து சாவி ஸ்விட்ச் கெட்டுப்போனதால், உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் புது ஸ்விட்ச் போட்டோம். பிளக்கை மாற்றியாயிற்று, கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தும் பார்த்தாயிற்று. பேட்டரியும் சோர்ந்துவிட்டது, இரண்டு நாள் ஓட்டாமல் விட்டால் இறங்கிவிடுகிறது. அதைத் தனியாக மாற்றிக்கொள்வேன். வெடிப்புக்கு என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: திருத்துறைப்பூண்டி விவசாயி

முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்புகிறீர்களா என்று முதலில் பாருங்கள். என் பழைய வண்டியில் ரேஸ் லீவரைக் கீழே இறக்கி, அரை நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைத்தால் சத்தம் வருவதில்லை. இப்போது கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலையும் யோசிக்க வேண்டும். இப்படிப்பட்ட சிறிய எஞ்சின்கள் பலவற்றுக்கு 10 விழுக்காடு வரைதான் தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள்.

பதில்: பேராவூரணியிலிருந்து

கார்புரேட்டர் அடியில் ஒயர் இணைத்த சோலினாய்டு (மின்சாரம் வந்தால் ஊசியை இழுக்கும் சிறு கருவி) ஒன்று இருக்கும். எங்கள் வண்டியில் அது தொல்லை கொடுத்ததும், அதன் ஊசியை நுனியில் வெட்டிவிட்டு மாட்டினோம். அதற்குப்பின் வண்டி நிற்காமல் ஓடுகிறது. நீங்களும் அப்படிச் செய்து பார்க்கலாம்.

பதில்: மன்னார்குடி பட்டறைக்காரர்

தயவுசெய்து அந்த ஊசியை வெட்டாதீர்கள். உங்கள் வண்டியில் வருகிற வெடிப்பைத் தடுப்பதற்காகவே வைத்த பொருள் அது. வெட்டிவிட்டால் வெடிப்பு நிரந்தரமாகிவிடும்.

நடப்பது இதுதான். சாவியைத் திருப்பியதும் தீப்பொறி நின்றுவிடுகிறது, ஆனால் எஞ்சினோடு சுழலும் கனமான ஃபிளைவீல் சக்கரம் உடனே நிற்பதில்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வினாடிக்கு 25 முறை காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது. பொறி நின்ற பிறகும், சுற்று அடங்கும்வரை அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அப்படி இழுபட்ட பெட்ரோல் எரியாமல், சூடேறிக் கிடக்கும் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்து, அங்கே பற்றிக்கொள்கிறது. சோலினாய்டுக்கு 12 வோல்ட் வரும்போது அதன் ஊசி உள்ளே இழுபட்டு பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைத் திறக்கிறது; மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் ஊசியை வெளியே தள்ளி ஜெட்டை அடைக்கிறது. அது சரியாக அடைத்தால் சைலன்சருக்குப் போக மீதிப் பெட்ரோலே இருக்காது.

திருத்துறைப்பூண்டி அண்ணன் சொன்ன எத்தனாலும் இந்த வெடிப்புக்குத் துணைபோகும் என்பது உண்மை. ஆனால் பெட்ரோல் ஒரே நாளில் மாறவில்லை. தம்பி, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் எனக்கு உறுத்துகின்றன. வெடிப்பு ஸ்விட்ச் மாற்றுவதற்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா? பேட்டரி இறங்குவதும் அதே நாளிலிருந்துதானா?

எஞ்சின் ஆறிய பிறகு, சாவியை அணைத்த நிலையில் வைத்து, சோலினாய்டுக்குப் போகும் ஒயரின் இணைப்பை உருவுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை அந்த ஒயரிலும் கறுப்பு முனையை எஞ்சின் உடம்பிலும் வைத்துப் பாருங்கள். பூச்சியம் காட்ட வேண்டும். பெட்ரோல் கசிவு இருந்தால் துடைத்து, ஆவி அடங்கிய பிறகே ஒயரைத் தொடுங்கள். சிறு பொறியே போதும்.

கேட்பவர்

மிக்க நன்றி ஐயா. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஸ்விட்ச் மாற்றிய பிறகுதான் தொடங்கின. பேட்டரி பழசு என்று நானே முடிவு கட்டிவிட்டதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

நீங்கள் சொன்னபடி இன்று காலை அளந்தேன். சாவி அணைந்திருந்தும் ஒயரில் 12.3 வோல்ட் காட்டியது. ஒயரை மறுபடி செருகியபோது, சாவியைத் தொடாமலே, கார்புரேட்டர் அடியில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

பதில்: மன்னார்குடி பட்டறைக்காரர்

அந்த "டக்" என்பது ஊசி உள்ளே இழுபட்ட சத்தம். சோலினாய்டு நல்ல நிலையில் இருக்கிறது. அதற்குப் போகும் ஒயரைத்தான் ஸ்விட்சில் பேட்டரி நேராக வரும் முனையில் சேர்த்திருக்கிறார்கள். ஜெட் அணைக்கும்போதும் திறந்தே இருப்பதால் வெடிக்கிறது. சோலினாய்டு இரவும் பகலும் மின்சாரம் குடிப்பதால் பேட்டரி இறங்குகிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே ஒயர்.

பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, சோலினாய்டு ஒயரை ஸ்விட்சில் சாவி ஓடும் நிலையில் மட்டும் மின்சாரம் வரும் முனைக்கு மாற்றுங்கள். எந்த முனை என்பதை நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். சோலினாய்டு ஒயரை அதனோடு சேர்க்கும் முன், கறுப்பு ஒயரைத் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பி மீட்டரில் பார்த்து உறுதி செய்து, மறுபடி கழற்றிவிட்டுச் சேருங்கள். முக்கியமாக, பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோவை எர்த் செய்து பொறியை நிறுத்தும் முனையில் சோலினாய்டு ஒயர் பட்டுவிடக் கூடாது. அந்த முனைக்கு 12 வோல்ட் போனால் இக்னிஷன் காயில் (பொறி தரும் கம்பிச்சுருள்) கெட்டுப்போகும்.

கேட்பவர்

ஒயரை மாற்றியாயிற்று. அணைத்த நிலையில் இப்போது பூச்சியம் காட்டுகிறது. மூன்று நாள் ஓட்டாமல் வைத்து இன்று சாவி போட்டேன். பேட்டரி முதல் முறையிலேயே எஞ்சினைச் சுழற்றியது. ஒரு மணி நேரம் வெட்டிவிட்டுச் சாவியால் அணைத்தபோது வெடிக்கவில்லை. ஆனால் வெட்டுக்கத்தி ஓடும்போது ஒரு முறை இருக்கையிலிருந்து எழுந்துவிட்டேன். எஞ்சின் அணைந்து, "டுப்" என்று சிறிதாக ஒரு சத்தம் வந்தது. ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பதில்: மன்னார்குடி பட்டறைக்காரர்

அதில் பழுது இல்லை. இருக்கைக்கு அடியில் உள்ள பாதுகாப்பு ஸ்விட்ச் பொறியை மட்டும்தான் நிறுத்துகிறது. சாவி ஓடும் நிலையிலேயே இருப்பதால் ஜெட் திறந்திருக்கும், சிறிது பெட்ரோல் சைலன்சருக்குப் போகத்தான் செய்யும். அந்த ஸ்விட்சை யார் சொன்னாலும் துண்டித்துவிடாதீர்கள். கத்தியை நிறுத்தி, சாவியைத் திருப்பிவிட்டு எழுந்திருங்கள். சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் நட்டு தளர்ந்திருக்கிறதா, கேஸ்கெட் ஓரம் கரி படிந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அங்கே வெளிக்காற்று புகுந்தாலும் எரியாத பெட்ரோல் எளிதில் பற்றும்.

கேட்பவர்

ஒரு நட்டு அரைச் சுற்று தளர்ந்திருந்தது, முறுக்கிவிட்டேன். மட்டைக் குவியலைக் கொட்டகையிலிருந்து எடுத்து வாய்க்கால் கரைக்கு மாற்றிவிட்டோம்.